குடியோடு வாங்கிய வீடு

ஜூன் பதினொன்று, புதன். குழாயைச் சரிசெய்திருக்கக் கூடாது. தவறு என்னுடையது.

லைசென்ஸ் பரீட்சைக்கான மாலை வகுப்புக்குப் போகும் பேருந்தில் பிளம்பர் தன் நோட்டில் இப்படி எழுதினான். கடைசி வரியை அடித்தான். யோசித்துவிட்டு மறுபடியும் எழுதினான். காலி வீடு வாங்க அவனுக்கு வக்கில்லை. வாடகை தராமல் ஒரு குடும்பம் அசையாமல் உட்கார்ந்திருந்ததால்தான் அந்த வீடு பாதி விலைக்குப் படிந்தது. காலி செய்யச் சொல்லத்தான் இன்று போனான். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டும் குழாயைப் பார்த்துக்கொண்டு பேச அவனால் முடியாது; கை தானாகப் பைக்குள் போய்விட்டது. வாஷரை மாற்றி முடித்ததும், சொல்ல வந்ததைச் சொல்லாமலே பையை மூடினான்.

"உங்கள மாதிரி ஓனர் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் தம்பி," என்றாள் குடியிருந்த அக்கா. உள்ளறையில் படுத்த படுக்கையாகக் கிடந்த அவள் கணவர் தலையைத் தூக்கிக் கும்பிட்டார்.

விஷயம் கேட்டு, வீட்டை முடித்துக் கொடுத்த தரகர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மாட்ட வெரட்டப் போனவன் புல்லுப் போட்டுட்டு வந்தியாக்கும்!"

"என்னண்ணே பண்றது? பொண்டாட்டியும் புள்ளையும் மச்சான் வீட்டு ஹால்ல கெடக்குறாங்க."

"வெளிய போன்னு சொன்னா கோர்ட்டுக்குப் போவாங்க. வருசக்கணக்கா இழுக்கும். ரிப்பேருன்னு சொல்லிட்டுப் போய் ஒண்ணொண்ணாக் கழட்டு, தானாக் கெளம்பிருவாங்க. ஒன் வீடு, ஒன் ரிப்பேரு. கைத்தொழில் இருக்கு, மூளைதான் இல்ல ஒனக்கு."

வகுப்பு முடிந்து மச்சான் வீட்டுக்குப் போனான். குழந்தை அழுதால் மச்சான் பெண்டாட்டி டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறாளாம். மனைவி சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "இன்னைக்குப் புள்ள வாயப் பொத்திட்டேங்க. இந்தக் கையாலதான்."

சனிக்கிழமை காலை, வாங்கிய வீட்டுக் கழிப்பறைப் பீங்கானைப் பெயர்த்தான். துருவேறிய போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, சுற்றியிருந்த சிமெண்டை உளியால் தட்டி, விரிசல் விழாமல் தூக்கினான். அக்கா டார்ச் பிடித்தாள். நாற்றம் வராமலிருக்கக் குழாய் வாயில் கந்தலைத் திணித்து, தூசியையும் கூட்டி அள்ளினான். செய்கிற காரியத்துக்கு இவ்வளவு சுத்தம் எதற்கு என்று அவனுக்கே கூசியது.

"புதுசு எப்ப வரும் தம்பி?"

"ஆர்டர் போட்டிருக்கேங்க்கா. வந்ததும் சொல்றேன்."

அக்கா அவனுக்குக் கைகழுவச் சோப்பை நீட்டினாள். "முன்ன இருந்த ஓனரு ரூம் கதவ ரிப்பேருன்னு கழட்டிட்டுப் போனாரு," என்றாள், பக்கத்து வீட்டுச் சங்கதி சொல்வதுபோல. "சேலையக் கட்டி மறைச்சுக்கிட்டோம். பழகிருச்சு."

சோப்பு அவன் கையிலிருந்து வழுக்கி விழுந்தது. அவளே குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

உள்ளிருந்து கணவர் அவளைக் கூப்பிட்டார். முதலில் மெதுவாக, பிறகு அவசரமாக. அவன் சிமெண்ட் கழுவிய வாளியை அவள் எடுத்துக்கொண்டாள். "கொஞ்சம் வெளிய நில்லுங்க தம்பி. கூச்சப்படுவாரு."

வெளியே வந்து பீங்கானைச் சாக்கில் சுற்றி, இரவல் வாங்கி வந்த ஸ்கூட்டரில் கட்டினான். சாக்கின் கிழிசல் வழியாக வெள்ளை வாய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே வாளி தரையில் உரசியது. நோட்டை எடுத்தான். 'பாவம்' என்று எழுதினான். யார் என்று எழுத வரவில்லை. அடித்துவிட்டுக் கீழே எழுதினான்:

நாளை ஞாயிறு. மொட்டைமாடித் தொட்டியின் வால்வை மூட வேண்டும். விடிந்ததும், அவர்கள் குடத்தில் பிடித்து வைப்பதற்கு முன்.