சவுக்காரக் கட்டியில் இரண்டு கோடு

அந்த மரத்தை வெட்டியவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினோரு நாள் ஒளித்தது போதும்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஆனி மாதம். மஸ்கெலியாப் பக்கம் விடாத மழை. தேயிலைச் செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து சுமந்து வந்த மிலாறுக் குச்சி எல்லாம் ஈரம். அடுப்பில் வைத்தால் புகைதான், நெருப்பு இல்லை. என் மனைவி அம்மாக்கண்ணு ஊதி ஊதி இருமிக்கொண்டே கிடந்தாள். ஒரு வியாழக்கிழமை ஏழாம் நம்பர் மலையில் வேலை முடித்து இறங்கும்போது, எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே ரோட்டோரத்தில் பாதி பட்டுப்போன நிழல்மரம் கண்ணில் பட்டது. கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. மூன்று கிளையை வெட்டினேன். தோட்டத்து மரத்தில் கை வைத்தால் வேலைக்கு ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். காவல்காரனுடைய விசில் கேட்டதும் மூன்றையும் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். நீளமான கிளை ஒன்று கதவுக்குள் நுழையவில்லை. விசில் கிட்ட வந்துவிட்டது. அதைப் பக்கத்து வீட்டு அழகுமுத்துவின் போஞ்சிப் பந்தலுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவனை மாட்டிவிட வேண்டும் என்று நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் காவல்காரன் கிளையைக் கண்டுபிடித்தான். அழகுமுத்துவும் கவ்வாத்து வெட்டுகிறவன். கிளை அவன் பந்தலில், கத்தி அவன் வீட்டில். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் அவன் பெயரைக் கூப்பிடவில்லை. அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள் ஆபீசில் விசாரணை, அதுவரை வேலை இல்லை, விசாரணையில் நிரூபித்தால் பெயரையே வெட்டிவிடுவார்கள் என்று கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் சொன்னார். அழகுமுத்து தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். நான் வரிசையில் நின்று மண்ணைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழும்பத் தோன்றியது, எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. செடியை வெட்டும்போது கை வழுக்கியது.

செவ்வாய்க்கிழமை என் மகள் பரிமளம் பள்ளிக்கூடத்திலிருந்து உடுப்புத் துவைக்கிற சவுக்காரக் கட்டி ஒன்றோடு வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. விஞ்ஞானம் படிப்பிக்கும் குகநேசன் சார் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் அன்று வகுப்பில் ஒரு களவை உண்டாக்கியிருந்தார். மேசையில் பாதியாக வெட்டிய சவுக்காரம், மறுபாதியைக் காணோம், பக்கத்தில் மூன்று கத்திகள். யார் களவெடுத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் உடனே கேன்டீன்காரரைச் சொன்னார்களாம், அவருக்கு மீசை பெரிசு என்பதால். சார் மூன்று கத்தியாலும் புதுச் சவுக்காரத்தை வெட்டிப் பார்க்கச் சொன்னார். கத்தியின் வாயில் உடைசல் இருந்தால், வெட்டிய முகத்தில் அது ஒரு கோடாக விழும். ஒவ்வொரு கத்திக்கும் ஒவ்வொரு கோடு. கடைசியில் பொருந்தியது பள்ளிக்கூட அதிபர் பென்சில் சீவும் கத்தி. வகுப்பு சிரித்த சிரிப்பில் அதிபரே பிரம்போடு வந்து நின்றாராம்.

அம்மாக்கண்ணு இருமலுக்கு நடுவில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டிலுள்ள கத்திகளைச் சவுக்காரத்தில் பதித்து, கொப்பியில் வரைந்து, திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டுமாம். அரிவாள்மனை, தேங்காய் உடைக்கிற கத்தி எல்லாம் முடித்துவிட்டு என் கவ்வாத்துக் கத்தியைக் கேட்டாள். சாமி கும்பிட்டுக் கவ்வாத்துத் தொடங்கிய பிறகு அதில் இன்னொருவர் கை படக்கூடாது. அது எங்கள் வழக்கம். அதைச் சொல்லித் தட்டிவிடலாம் என்று பார்த்தேன்.

"அப்ப நீங்களே வெட்டிக் குடுங்கப்பா."

வெட்டிக் கொடுத்தேன். வெள்ளை முகத்தில் இரண்டு கோடு, ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு. வைகாசியில் கல்லில் பட்டு உடைந்த இடங்கள். அவள் அடிமட்டம் வைத்து இடைவெளியை அளந்தாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை அவள் அழகுமுத்து வீட்டுக்குப் போய், அவன் கத்தியையும் அவன் கையாலேயே பதித்துக்கொண்டு வந்துவிட்டாள். வழவழப்பான முகம், ஒரு கோடும் இல்லை.

"நாளைக்கு மரத்தப் போய்ப் பாக்கப் போறேன்பா. மரத்துல கோடு இருந்துச்சுன்னா அழகுமுத்து மாமா வெட்டலன்னு சொல்லிறலாம்."

மழை, அட்டை கடிக்கும், காவல்காரன் ஏசுவான் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். சனிக்கிழமை நான் மலையிலிருந்து வருவதற்குள் போய்விட்டு வந்திருந்தாள். எப்போதும் வாய் ஓயாத பிள்ளை, மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மரத்தில் என்ன இருந்தது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது கொப்பியைத் திறந்தேன். நாற்பது வயதுக்கு மேல் அவளுடைய பழைய புத்தகங்களை வைத்து எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். மெதுவாகத்தான் வாசிப்பேன். கத்தி நான்கு, அப்பா. கத்தி ஐந்து, அழகுமுத்து மாமா. அதற்குக் கீழே ரோட்டோர மரம், கோடு இரண்டு, இடைவெளி கத்தி நான்கைப் போல. அதற்கும் கீழே 'முடிவு' என்று எழுதி, இடம் காலியாக விட்டிருந்தாள். கொப்பியை இருந்தபடியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். திரும்ப உள்ளே போனேன். மறுபடியும் வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சாணைக்கல்லை எடுத்துக்கொண்டு பீலியடிக்குப் போனேன். உடைசல் ஆழமாக இருந்ததால் வாய் முழுவதையும் தேய்த்து இறக்க வேண்டியிருந்தது. கல்லில் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தேன். தோள் விட்டுப்போனது. நாளைக்கு யார் வந்து பார்த்தாலும் கத்தி சுத்தமாக இருக்கும், கொப்பியைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சொல்லிவிடலாம் என்று மனம் ஓடியது. நிமிர்ந்தபோது பரிமளம் வாளியோடு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ.

"அதத் தேய்ச்சு என்னப்பா ஆகப் போவுது?" சத்தமே இல்லாமல் கேட்டாள். "ஏழாம் நம்பர் மலையில ஒங்க நெரை முழுக்க அந்தக் கோடுதானே இருக்கு."

கல் கையிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொருவனுக்கும் வெட்ட அவனவன் நிரை, ஒரு செடி வரிசை. யாருடைய நிரை எது என்று கங்காணியின் துண்டுச் சீட்டில் இருக்கிறது. ஒரு நாளைக்கு இருநூறு செடி, ஒரு செடிக்கு எத்தனை வெட்டு. பத்து நாளுக்கு மேலாக அந்த மலை முழுக்க என் பெயரை நானே வெட்டிவைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷம் கவ்வாத்து வெட்டியவனுக்கு இது தோன்றவில்லை.

"சாருகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல. ஆளப் பாத்து முடிவு சொல்லாத, வெட்டப் பாத்துச் சொல்லுன்னுதான் சார் சொன்னாரு. வெட்டப் பாத்துட்டேன். எழுதத்தான் முடியல." வாளியைக் கீழே வைத்தாள். "நீங்களே சொல்லிருங்கப்பா."

திங்கட்கிழமை பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடியும் வரை நின்றேன். விசாரணைக்கு வந்திருந்த அழகுமுத்து தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றான். முத்துலிங்கம் பெயர்த் துண்டுச் சீட்டை மடிக்கும்போது முன்னால் போய், மரம் வெட்டியது நான் என்று சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. கூட்டாளிக்காகப் பழியை ஏற்கிறேன் என்று நினைத்தார். மரத்திலும் என் நிரையிலும் ஒரே கத்தியின் கோடுதான், போய்ப் பாருங்கள் என்றேன்.

"கத்திய யாருக்காச்சும் குடுத்தியா, செல்லசாமி?"

"இல்லீங்க. என் கை மட்டுந்தான்."

பெண்கள் பக்கத்தில் யாரோ காறித் துப்பினார்கள். ஆபீசில் தோட்டத்துத் துரை அதிகம் பேசவில்லை. எனக்கு இரண்டு கிழமை, பதினான்கு நாள், வேலை இல்லை, இன்னொரு தரம் என்றால் பெயர் இருக்காது. அழகுமுத்துவை மறுநாளே வரச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் அவன் எங்கள் வாசலுக்கு வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"பத்து நாளா வேலையில்லாம குந்தியிருந்தேன்," என்றான். "தெனமும் வந்து பீடி குடுத்தீங்களேண்ணே. அது எதுக்கு?"

அம்மாக்கண்ணு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உள்ளதைச் சொன்னேன்.

"பயமா இருந்துச்சுடா."

"எனக்குந்தான்," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

இரண்டு கிழமை கழித்து நான் வேலைக்குப் போனபோது, எப்போதும் என் பக்கத்து நிரையில் வெட்டுகிற அழகுமுத்து கங்காணியிடம் கேட்டு ஐந்து நிரை தள்ளிப் போயிருந்தான்.