கதவுப் பிடிக்குப் பின்னால் நாலு கோடு

கார் பாலிஷ் போடுகிறவளைக் கடைத்தெருவில் எல்லோரும் ‘கடுகு’ என்றுதான் கூப்பிடுவார்கள். சூடு பட்டால் வெடிப்பாள் என்பதால் வந்த பெயர். கடை அவளுடையது, மெஷின் அவளுடையது, கோபமும் சொந்தக் கோபம்தான்.

அன்று காலையிலேயே வெடித்தாள். தங்கையின் புருஷன் கறுப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். கார் மேலெல்லாம் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்.

“காஞ்ச துணியால துடைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது மாப்ளே? தூசியோட சேர்த்துத் தேய்ச்சா அதுக்குப் பேரு துடைக்கிறதா? உப்புத்தாள் போடுறதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?”

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டீங்களேக்கா. நாளைக்குக் கார் பார்க்க ஆள் வர்றாங்க. பளபளன்னு ஆக்கிக் குடுங்க. அந்தப் பக்கக் கதவுல கொஞ்சம் கோடு இருக்கு பாருங்க, மரக்கிளை உரசிடுச்சு. அதை மறந்துடாதீங்க.”

“தங்கச்சிக்குக் கை ஆறிடுச்சா?”

“அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. பாத்ரூம்ல பார்த்து நடக்கச் சொல்லுங்க. நான் சொன்னா எங்க கேக்குறா!”

போன வாரம் தங்கை வலது கையில் கட்டோடு வந்திருந்தாள். இரண்டு நகம் பெயர்ந்து, முழங்காலில் தோல் உரிந்திருந்தது. வழுக்கிவிட்டதாம். “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று திட்டிக்கொண்டேதான் அக்கா மருந்து போட்டாள்.

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து போனை நோண்ட ஆரம்பித்தான். கடுகு காரைக் கழுவினாள். ரப்பர் ஓரங்களில் டேப் ஒட்டினாள். பஞ்சுத் தட்டில் பாலிஷ் மருந்தைத் தடவி, பானெட்டில் ஆரம்பித்து மெஷினை நிதானமாக நகர்த்தினாள். வலைகள் மறைந்து, கறுப்பு கறுப்பாகத் தெரியத் தெரிய அவள் கோபமும் இறங்கிவிட்டது. வேலை ஓடினால் அவளுக்கு மனசு ஆறிவிடும். கூரை முடிந்தது, ஓட்டுநர் பக்கம் முடிந்தது. கடைசியாக அந்தக் கதவுக்கு நேராக விளக்கைப் பிடித்தாள்.

நாலு கோடு.

கிளை உரசினால் கீறல் காரின் முன்னாலிருந்து இழுத்துக்கொண்டு வரும். பக்கக் கண்ணாடியையும் ஒரு கை பார்த்திருக்கும். கண்ணாடியில் ஒரு பொட்டுக் கீறல் இல்லை. இந்த நாலும் கதவுப் பிடியின் குழிக்குள் தொடங்கியிருந்தன. உள்ளே நகம் பிறாண்டிய தடம். அங்கிருந்து ஒன்றன் கீழ் ஒன்றாகப் பின்பக்கம் நோக்கி ஒரு சாண் நீளம். மூன்றாவது கோடு மட்டும் கொஞ்சம் ஆழம். மோதிரம்.

கார் முன்னால் நகர்ந்திருக்கிறது. வெளியே நின்றவள் பிடியை விடவில்லை.

இறங்கிய கோபம் கடுகுக்கு மறுபடி ஏறியது. அவன் மேல் மட்டுமல்ல, கட்டுப் போட்ட கையைப் பார்த்துக் கிண்டல் அடித்த தன் வாயின் மேலும். தேய்த்தால் அஞ்சே நிமிடத்தில் இந்தக் கோடுகள் போய்விடும். மேல்பூச்சைக்கூடத் தாண்டவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவே இல்லை.

போனை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் நாலைந்து படம் பிடித்தாள். பிறகு சாவியை எடுத்தாள்.

“வெயில்ல வெச்சுப் பார்க்கணும் மாப்ளே. ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடுறேன், நீங்க உட்காருங்க.”

தங்கை வீட்டு வாசலில்தான் வண்டி நின்றது. வெளியே வந்தவளை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்தாள்.

“கையை வை.”

தங்கை கோடுகளைப் பார்த்தாள். கை எழவில்லை.

“வைடி!”

வைத்தாள். நாலு விரலும் நாலு கோட்டில் உட்கார்ந்தன. அதற்குமேல் பாத்ரூம் கதை நிற்கவில்லை.

“பேசிக்கிட்டே வந்தோம். திடீர்னு நிறுத்தி, இறங்குன்னாரு. இறங்கினேன். நடுரோட்டுல விட்டுட்டுப் போறாரேன்னு பிடிச்சேன். நான் பிடிச்சிருந்தது அவருக்குத் தெரியாதாம்க்கா.”

“தெரியாதா? கோடு எங்க இருக்குன்னு அவனுக்கு நல்லாத் தெரியுது. காலையில வந்து நின்னதும் அதைத்தான் காட்டினான்.”

தங்கை கையை எடுத்துக்கொண்டாள். இதை அவள் யோசித்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உள்ளே போனாள். ஒரு பையோடு வெளியே வந்து, வீட்டைப் பூட்டினாள்.

கடைக்குத் திரும்பியதும் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே எழுந்தான். முன் சீட்டில் பெண்டாட்டியைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

“இவ எதுக்கு இங்க? கோடு போச்சா இல்லையா?”

கடுகு மெஷினைத் தூக்கி அவன் கையில் திணித்தாள். “அஞ்சு நிமிஷ வேலை. நீங்களே தேய்ங்க, அவ பார்க்கட்டும்.”

“மெதுவாப் பேசுங்கக்கா, எல்லாரும் பார்க்குறாங்க.”

“பார்க்கணும்னுதான் கத்துறேன்! வேற கடைக்கு வேணாப் போய்த் தேய்ச்சுக்கோ. படம் என்கிட்ட இருக்கு. கேக்க வேண்டிய இடத்துல காட்டிக் கேப்பேன்.”

தங்கை கதவைத் திறந்து வெளியே வந்து, பையை அணைத்துக்கொண்டு நின்றாள். அவன் மெஷினைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தான்.

“சீன் போடாத. ஏறு, வீட்டுக்குப் போகலாம்.”

“நீங்கதானே இறங்கச் சொன்னீங்க,” என்றாள் தங்கை. “இறங்கிட்டேன்.”

பிடியைத் தொடாமல், உள்ளங்கையால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.