பழைய டிஸ்க்கில் இருந்த வாசல்

இதனால் குடும்பத்தார் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது: வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, பெரியவர் அவர்களின் மேலான வழிகாட்டுதலில், புதுக் கம்ப்யூட்டரில் ஆபரேட்டிங் சிஸ்டம் நிறுவப்படும். பணி முடியும்வரை வீட்டில் யாரும் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, சொந்தக் கருத்து ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படி அறிவித்தவர் என் அத்தானின் அண்ணன். முப்பது வருடம் ஓர் அலுவலகத்தில் கணினிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். கணினியைத் தொட்டவரில்லை, தொட்டவர்களைக் கண்டித்தவர். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'தலைமை'.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. கடைசி எட்டு மாதம் நோயோடு அறைக்குள் உட்கார்ந்து எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஒருநாள் அக்கா மாத்திரையோடு உள்ளே போனபோது திரையில் ஒரு ஃபோல்டர். பெயர்: 'நான் போன பிறகு'. அவளைப் பார்த்ததும் மூடிவிட்டார். அவளும் கேட்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவர் அவளிடம் மனம் திறந்து பேசியதை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். மிச்சத்தையெல்லாம் அந்த ஃபோல்டருக்குள் வைத்திருப்பார் என்று அவள் நம்பினாள். அவர் போன மறுமாதம் அந்தக் கம்ப்யூட்டர் புகைந்து செத்தது. டிஸ்க் மட்டும் பிழைத்தது. புதுக் கம்ப்யூட்டர் வந்ததே அதற்காகத்தான்.

சாப்பாட்டு மேஜைமேல் பழைய போர்வையை விரித்து, தலைமை உத்தரவிட, நான் ஸ்க்ரூ முடுக்க, பெட்டி உருவானது. புது டிஸ்க் மேலே, அத்தானின் பழைய டிஸ்க் கீழே. ஒரு ஸ்க்ரூ மிச்சம் வந்தது. "அது எக்ஸ்ட்ரா" என்று தலைமை தீர்ப்பு சொன்னார்.

ஸ்விட்சைப் போட்டேன். விசிறிகள் சுற்றின. திரை ஒளிர்ந்தது.

அத்தான் எங்களைப் பார்த்தார்.

அரைச் சிரிப்பு, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. கீழே அவர் பெயர், அதன்கீழ் கடவுச்சொல் கேட்கும் வெள்ளைக் கட்டம். பழைய டிஸ்க்கிலிருந்து அவருடைய சிஸ்டம் எழுந்து வந்திருந்தது. அவ்வளவுதான் விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன்.

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "என் பிறந்த நாளைப் போட்டுப் பாரு."

போட்டேன். தவறு.

"கல்யாண நாள்?"

தவறு.

அவள் மூன்றாவதாக எதையும் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து டக், டக், டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக், டக், டக். அத்தான் ஏதாவது சொல்வதற்கு முன் விரல் நகத்தால் மேஜையை மூன்று முறை தட்டுவார். தட்டிவிட்டுப் பெரும்பாலும் எதுவும் சொல்ல மாட்டார்.

"பழைய டிஸ்க் மாமா, அதான் சத்தம். கழட்டி வச்சிட்டு, புது டிஸ்க்ல மட்டும் இன்ஸ்டால் பண்ணிக்கலாம். அப்புறம் இதை மாட்டிக்கலாம்" என்றேன் தலைமையிடம்.

"தம்பி, கழட்டி மாட்டுறதெல்லாம் ரிப்பேர் கடைக்காரன் வேலை. நாம சிஸ்டமேட்டிக்கா பண்றோம். எந்த டிஸ்க்குன்னு அதுவே கேக்கும். புதுசைக் காட்டினா முடிஞ்சுது."

புது சிஸ்டம் இருந்த பென்டிரைவைச் செருகினேன். கேட்டது. காட்டினோம். சதவீதம் ஏறிக்கொண்டே போனது. மதியம் ஒரு மணிக்குப் புத்தம்புதுத் திரை நீலமாக விரிந்தது. தலைமை எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். யாராவது கைதட்டியிருக்கலாம், டக், டக், டக் என்றுதான் வந்தது.

"டிஸ்க் சாகப்போகுது" என்றார் உடனே. "கழட்டு, கொஞ்சம் ஆறட்டும். உள்ள இருக்கறது போயிடுச்சுன்னா அப்புறம் கடவுளாலயும் எடுக்க முடியாது."

அக்காவின் முகம் வெளுத்தது. நான் அவசரமாக அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி ஒரு துண்டின்மேல் வைத்தேன். மறுபடி ஸ்விட்ச். கறுப்புத் திரையில் ஒரே வரி: தொடங்குவதற்கு எந்த டிஸ்க்கும் இல்லை.

பழையதை மாட்டினேன். புதுத் திரை வந்தது. கழற்றினேன். கறுப்பு. மாட்டினேன். வந்தது. மூன்றாம் முறை கழற்றித் துண்டின்மேல் வைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். அப்போதும் கறுப்பு.

"அவர் இல்லாம ஓடமாட்டேங்குது" என்றாள். குரலில் பயமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான்சென்ஸ்" என்றார் தலைமை. "இது ஒரு டெம்பரரி..."

டக். டக். டக்.

பழைய டிஸ்க் துண்டின்மேல் கிடந்தது. ஒயர் எதுவும் அதில் இல்லை. சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

முப்பது வருடம் கணினிப் பிரிவைக் கட்டி மேய்த்தவர், மெல்ல நாற்காலியோடு ஓரடி பின்னால் நகர்ந்தார். "டேய், உனக்கும் கேக்குதா?" என்றார், அவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில்.

"கேக்குது மாமா."

"நான் வேணா கொஞ்சம் வெளிய காத்தாட..."

"உக்காருங்க" என்றாள் அக்கா. "உங்க தம்பிதானே?"

உட்கார்ந்தார்.

பயத்தில் சிலருக்கு வியர்க்கும். எனக்கு மூளை வேலை செய்யும், அதுவும் அபூர்வமாக. இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தபோது இன்ஸ்டால் செய்தோம். கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பகுதிக்குப் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. புது சிஸ்டம் சோம்பேறி. அந்தப் பகுதியை அங்கேயே போய் வைத்துவிட்டது. வீட்டைப் புது டிஸ்க்கில் கட்டிவிட்டு, வாசலைப் பழைய டிஸ்க்கில் வைத்திருந்தது. பழையதைக் கழற்றினால் உள்ளே போக வழியில்லை.

சொன்னேன். தலைமை, "அதைத்தான் நான் அப்பவே..." என்று ஆரம்பித்து, அக்காவின் பார்வையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பழைய டிஸ்க் துண்டிலேயே கிடக்க, புது டிஸ்க்கை மட்டும் வைத்து முதலிலிருந்து இன்ஸ்டால் செய்தேன். இந்த முறை தானாகவே எழுந்தது. பிறகு பழையதை மாட்டி, எதிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்று மதர்போர்டுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அத்தான் முகம் வரவில்லை, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. அவருடைய டிஸ்க் ஓரமாக ஒரு சின்னப் படமாய் நின்றது. அதற்குள், 'நான் போன பிறகு'.

க்ளிக் செய்தேன். 'இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை.'

"இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்" என்றாள் அக்கா. "அனுமதி இல்லையாம்."

கீழே 'தொடர்க' என்று ஒரு பொத்தான் இருந்தது. அவளே அமுக்கினாள்.

ஒரே ஒரு கோப்பு. தலைப்பு இல்லை, விளிப்பு இல்லை. எண் போட்ட வரிகள்.

ஒன்று: தண்ணீர் மோட்டாரை நாற்பது நிமிடத்துக்குமேல் ஓடவிட வேண்டாம். ஏழு: மாடி பல்ப் அடிக்கடி போனால் பல்பைத் திட்ட வேண்டாம், ஹோல்டர் லூஸ். பத்தொன்பது: வீட்டுப் பத்திரம் பீரோவில் இல்லை, அரிசி டிரம்முக்குப் பின்னால். முப்பத்தி நாலு: புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால், இந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும். அண்ணன் வேண்டாம் என்பார். கேட்க வேண்டாம்.

தலைமை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

அக்கா கோப்பில் கீழே கீழே போனாள். தனக்கென்று ஒரு வரியைத் தேடினாள் என்பது சுட்டி நகர்ந்த வேகத்திலேயே தெரிந்தது. கடைசி எண் அறுபத்தொன்று: மழைக்காலத்தில் பின்கதவு உப்பிக்கொள்ளும். இழுக்க வேண்டாம், உனக்குத் தோள்வலி. தூக்கித் தள்ளவும்.

அதோடு முடிந்தது. மேலே போய் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். பிறகு எழுந்து பின்பக்கம் போனாள். கதவு ஒருமுறை முனகித் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வந்து உட்கார்ந்தாள்.

டக், டக், டக்.

டார்ச் அடித்துப் பெட்டிக்குள் பார்த்தேன். ஒயர்களைக் கட்டிய பிளாஸ்டிக் பட்டையின் வாலை நான் வெட்டாமல் விட்டிருந்தேன். விசிறி வேகம் குறையும்போதெல்லாம் அது இறக்கையில் போய்த் தட்டிக்கொண்டிருந்தது. கத்தரியை எடுத்தேன்.

"விடு" என்றாள் அக்கா.

"விசிறி போயிடும்க்கா."

"பரவால்ல, இருக்கட்டும் விடு."

விட்டேன். ஆறாவது வாரம் விசிறி போயிற்று. இதற்கெல்லாம் வாரண்டி கிடையாது என்றார் கடைக்காரர்.