யாரும் இல்லம்மா

லண்டனிலிருந்து திரும்பிய பாண்டுரங்கன் வளவனூர் வீட்டைத் திறந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. இடது கெண்டைக்கால் வீங்கிக் கல்லாகிவிட்டது. மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். மகன் குமரேசன் ஆசையாகக் கூப்பிட்டானே என்று போனார். அங்கேயும் மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிய பின் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு கிடந்ததுதான் மிச்சம்.

திரும்பும்போது விமானத்தில் ஜன்னலோர இருக்கை. பக்கத்திலிருந்த வெள்ளைக்காரத் தம்பதி ஏறியதுமே போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார்கள். எழுப்பி வழி கேட்க இவருக்குக் கூச்சம். கழிவறைக்குப் போக வேண்டிவருமே என்று, பணிப்பெண் நீட்டிய தண்ணீரையும் வேண்டாமென்று கையசைத்தார். மடக்கிய காலை மீனம்பாக்கத்தில்தான் நீட்டினார்.

சுளுக்கு என்று நினைத்து முதலில் தைலம் தடவினார். மறுநாள் அந்தக் காலை ஊன்றவே முடியவில்லை. மகனை அழைக்கப் போனை எடுத்தவர், அவன் தூங்குவான் என்று வைத்துவிட்டார். நொண்டியபடியே பஸ் ஏறி விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "ஃபிளைட்ல வந்தீங்களா?" என்று கேட்டார். "கால ஆட்டாம, தண்ணி குடிக்காம அப்படியே ஒக்காந்துக்கினு வந்தா ரத்தம் இப்படி உறைஞ்சிடும் பெரியவரே. நெஞ்சுக்கு ஏறியிருந்தா ஆபத்து. உடனே அட்மிட் ஆவணும். கூட யாரு வந்திருக்காங்க?"

பாண்டுரங்கன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"யாரும் இல்லம்மா."

வார்டில் நர்சும் அதையே கேட்டார். பக்கத்துக் கட்டிலில் புருஷனுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்த சின்னபொண்ணு என்பவள் நிமிர்ந்து, "எம்பேர எழுதிக்கம்மா. ரெண்டு பேரையும் நானே பாத்துக்கறேன்" என்றாள்.

"நீங்க என்ன உறவு?"

"பக்கத்துக் கட்டிலுதான்."

அன்று முழுக்க அவளே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள், மாத்திரையை ஞாபகப்படுத்தினாள். சாயங்காலம் குமரேசன் அழைத்தபோது, "நல்லாத்தான்பா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"புள்ளகிட்ட சொல்லலியாண்ணா?"

"அங்க இருந்துக்கினு அவன் என்னம்மா பண்ணுவான்? வீணா பேஜாரு."

அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

மறுநாள் காலையில் அவள் புருஷனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். "வர்றோம்ணா, ஒடம்பப் பாத்துக்கங்க" என்று தூக்குவாளியோடு படியிறங்கினாள். ஆயா வந்து விரிப்பை உருவிக்கொண்டு போனாள். பாண்டுரங்கன் அந்த வெறும் மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார்.

"என்னப்பா, இந்நேரத்துல?" தூக்கக் கலக்கத்தில் மகனின் குரல்.

"குமரேசா, ஆஸ்பத்திரியில இருக்கேன்டா" என்றார்.