முன்பக்கத் தெரு

"கேக்குக்கு நடுவிலை ஏன் இவ்வளவு பெரிய ஓட்டை எண்டு நீ மட்டும்தான் இன்னும் கேக்கேல்லை, மருமகளே."

"ஏன் மாமி கேக்கவேணும்? வடைக்கும் ஓட்டை இருக்குத்தானே," என்றாள் சாருகா.

"வடையோ! உதுக்குள்ளாலை ஒரு சின்னப் பிள்ளை தலையை விடலாம்," என்றாள் அம்மா.

மாமி சிரித்தபடி கேக்கின் மேலிருந்த சீனித் தூளைக் கத்தியால் தட்டினாள். பிரான்சிலிருந்து நோர்வே வரை மடியில் வைத்தே கொண்டு வந்த கேக். விமானத்தில் மேலே வைக்கச் சொன்ன பெண்ணிடம், இது உடைந்தால் என் தம்பியின் அறுபதாவது பிறந்தநாள் உடைந்த மாதிரி என்று பிரெஞ்சில் சொன்னாளாம்.

"உதுக்கெண்டே மண்சட்டி இருக்கு. எங்கட ஹோட்டலிலை காலமைச் சாப்பாட்டுக்கு வைக்கிறது. அந்த ஊருகளிலை யன்னலுக்கு யன்னல் அந்தச் சட்டியளைத்தான் அடுக்கி வைச்சிருப்பினம்."

சாருகாவுக்கு அந்தச் சட்டிகளைத் தெரியும். கேசர்ஸ்பெர்க் என்ற ஊரின் பாலத்தில் இருந்து, கீழே ஆறு ஓட, இதே கேக்கைக் கையால் பிய்த்துத் தின்றிருக்கிறாள். அதை மறைப்பதற்காகக் கேக்கை உற்றுப் பார்த்தாள், முதல் தடவை காண்பவளைப் போல.

"இவளை ஒருக்கா உங்களிட்டை அனுப்பவேணும் மச்சாள்," என்றாள் அம்மா. "எந்த நேரமும் கதைப் புத்தகம். எங்கையாவது போ எண்டால், உந்த எம்மாவோடை ஹித்தைக்குப் போறது. செப்டெம்பரிலையும் போனவள். காட்டுக்குள்ளை ஒரு மரக்குடில். கரண்டும் இல்லை, போனும் வேலை செய்யாது. அதுக்கு லீவு எடுத்துக்கொண்டு போகினம்."

"ஓமோ?" மாமி கேக்கை வெட்டுவதை நிறுத்தினாள். "எப்பிடி இருந்தது ஹித்தை?"

"நல்லா இருந்தது மாமி. குளிர்."

"குளிராத்தான் இருந்திருக்கும்," என்றாள் மாமி. பெரிய துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தாள்.

செப்டெம்பரில் சாருகா எந்த ஹித்தைக்கும் போகவில்லை. சிநேகிதி எம்மாவுடன், பிரான்சில் மாமி இருக்கும் அல்சாஸ் பகுதிக்குப் போயிருந்தாள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மதில் கட்டிய பழைய ஊர்கள். மரச்சட்டம் வைத்த மஞ்சள், நீல வீடுகள். இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் உரசும் ஒழுங்கைகள். அங்கே ஒரு பிற்பகலில், இதே அருள்ராணி மாமியைக் கண்டும் காணாததுபோல் எழுந்து போய்விட்டாள். வந்த நாளிலிருந்து மாமி அன்பாகப் பரிமாறியபோதெல்லாம் அவள் தட்டையே பார்த்துச் சாப்பிட்டாள். மாமிக்குத் தெரியாது என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே ஆறுதல்.

ஏன் பொய் சொல்லிவிட்டுப் போனாள் என்பதற்கு அவர்கள் குடும்பத்தின் பயணங்களைப் பார்க்கவேண்டும். ஐரோப்பாவில் அவர்கள் போகாத நகரம் குறைவு; பார்த்த நகரம் ஒன்றும் இல்லை. சூரிச்சுக்குப் போனார்கள், அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டு சோபாவில் இருந்துவிட்டு வந்தார்கள். ஏரி பல்கனியிலிருந்து கொஞ்சம் தெரிந்தது. பாரிஸில் மூன்று வரவேற்பறைகள். அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தை வான் வண்டியின் பின்கண்ணாடியில் கண்டதாகச் சாருகாவுக்கு ஞாபகம், அம்மா அது ஏதோ மின்கம்பம் என்பாள். ஒரு ஊருக்குப் போனால் அங்கிருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகவேண்டும். போகாமல் அந்த ஊரைக் கடந்தால் அது வாசலால் போய் உள்ளே வராத குற்றம். எத்தனையோ கலியாணங்களில் அந்தக் குற்றம் பேசப்பட்டு முகங்கள் திரும்பியிருக்கின்றன.

அவளுக்கு ஒரேயொரு தடவை ஒரு ஊரை ஊராகப் பார்க்கவேண்டும் போலிருந்தது. எங்கோ ஒரு மொழியிலிருந்து பெயர்க்கப்பட்ட நாவல்களில் வருகிற ஊர்கள். அவற்றில் யாரோ ஒருத்தி பஸ்ஸால் இறங்குவாள், அவளை ஒருவருக்கும் தெரியாது, மாலை வெயில் சுவர்களில் விழும். அப்படி ஒருத்தியாக இருக்க அவளுக்கு ஆசை. மாமி கொல்மாரில் இருக்கிறாள் என்று தெரிந்ததால் கொல்மாரில் தங்கவில்லை. அந்த ஊர் ரயில் நிலையத்தில் மாறும்போது தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டாள். மாமி வேலை செய்யும் ஹோட்டல் எந்த ஊரில் என்று அவள் ஒருபோதும் கேட்டதில்லை.

அது ரிக்வீரில் இருந்தது.

திராட்சை அறுவடைக் காலம். தெருவெல்லாம் புளித்த இனிப்பு வாசனை. மேலே மணிக்கூட்டுக் கோபுரம் வரை ஏறிப்போகும் பிரதான தெருவில், ஒரு வைன்காரர் வீட்டின் முன் போட்டிருந்த மேசையில் இருவரும் இருந்தார்கள். எம்மா கிளாசுக்குள் மூக்கை விட்டு, "நனைந்த நாய் மணக்குது" என்று சொல்ல, சாருகா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபோது எதிர் ஒழுங்கையில் ஒரு பக்கக்கதவு திறந்தது. நீல ஏப்ரனோடு மாமி வெளியே வந்தாள்.

வைன் பெயர்கள் அச்சடித்த பெரிய மட்டை மேசையில் கிடந்தது. சாருகா அதைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு எம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, வீட்டுக்குப் பின்னால் போகும் ஒழுங்கைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்ன நடந்தது? அந்த அம்மா உங்கட ஆளோ?" என்று எம்மா நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"பழுப்பாக இருக்கிற எல்லாரும் எங்கள் ஆட்களா, எம்மா?"

எம்மாவின் முகம் சிவந்துபோனது. அப்படி நினைத்துக் கேட்கவில்லை என்றாள். மன்னிப்புக் கேட்டாள். இரவு படுக்கும்போது இன்னொரு தடவை கேட்டாள். சாருகா அந்த மன்னிப்பையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

கேக் வெட்டிய மறுநாள் அம்மா சாருகாவையும் மாமியையும் நகர நடுவிலுள்ள குறொன்லாண்டுக்கு மரக்கறி வாங்க அனுப்பினாள். வீட்டருகே மோர்டென்ஸ்ருட்டில் ரயில் ஏறியதும் மாமி யன்னல் ஓரம் இருந்து, எதிரே இருந்தவரின் தலையைப் பார்த்து உரத்த குரலில் சொன்னாள். "இந்தாள் மைபூசினது காதிலையும் பட்டிருக்கு, பாத்தியே."

"மாமி, மெல்லக் கதையுங்கோ."

"இஞ்சை ஆருக்கு விளங்கப்போகுது?"

"எனக்கு விளங்குது அக்கா," என்றார் அந்த மனிதர், காதைத் துடைத்தபடி. "அவசரத்திலை பூசினனான்."

மாமி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இறங்கும்வரை இருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்புக்குள்ளும் சாருகாவுக்குக் குத்தியது. இந்த மனுசியோடு சேர்ந்து அன்றைக்கு அந்த மேசையில் இருந்து சிரித்திருக்கலாமே.

கடைக்குள் மாமி வெண்டிக்காயின் நுனியை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்தாள். முற்றினதைத் திரும்பவும் பெட்டிக்குள் போட்டாள். கடைக்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். சாருகா பையை விரித்துப் பிடித்திருந்தாள்.

"அண்டைக்குப் போட்டிருந்த அந்த மஞ்சள் யாக்கெற் உனக்கு நல்ல வடிவு," என்றாள் மாமி, நிமிராமல். "இஞ்சை வந்து ஒரு நாளும் நீ அதைப் போடேல்லை."

சாருகாவின் கையிலிருந்த பை மடிந்தது.

"மேல்மாடியிலை பெட்சீற் உதறேக்கை கண்டனான். சிரிப்புத்தான் முதல் கேட்டது. கொப்பற்றை சிரிப்பு, என்ரை தம்பி சிரிக்கிற அதே மாதிரி. எட்டிப் பாத்தா நீ. பக்கத்திலை என்னோடை வேலை செய்யிற மொறொக்கோக்காரி நிண்டவள். என்ரை தம்பியின்ரை மகள், நோர்வேயிலை இருந்து என்னைப் பாக்க வந்திட்டாள் எண்டு கத்தினன். ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வா, நான் கோப்பி போடுறன் எண்டாள். அந்தப் படி முழுக்க ஓடி இறங்கினனான், முழங்கால் நோவோடை."

அவள் இன்னொரு வெண்டிக்காயை முறித்தாள்.

"வந்து பாத்தா, நீ மட்டையாலை முகத்தை மூடிக்கொண்டு இருக்கிறாய்."

"மாமி..."

"வைன் கிளாசை நான் கண்டிடுவன் எண்டு ஒளிச்சனியோ? உன்ரை கொப்பர் குடிக்காததே? அவர் ஊரிலை தென்னைமரத்துக்குக் கீழை விழுந்து கிடக்கேக்கை தண்ணி தெளிச்சு எழுப்பினது நான்தான்."

மாமி ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது சாருகாவுக்கு விளங்கியது. ஓம் மாமி, கிளாசுக்குத்தான் பயந்தனான் என்று சொன்னால் போதும். அந்தக் கதவால் வெளியே போய்விடலாம். மாமி அதை நம்பியதாகவும் காட்டிக்கொள்வாள். இரவுக்குள் அது ஒரு பகிடியாகிவிடும்.

"கிளாசுக்கு இல்லை மாமி," என்றாள்.

மாமி தலையை ஆட்டினாள். ஏப்ரனுக்கா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாருகா என்ன சொல்லியிருப்பாள்? ஏப்ரனுக்கும்தான். தான் படித்த ஊர்களில் யாருடைய மாமியும் கட்டில் விரிப்பு மாற்றுவதில்லை என்பதற்கும்தான். அத்தனை அழகாக இருந்த தெருவில் தன் குடும்பத்தில் ஒருத்தி பக்கக்கதவால் வந்து நின்றதும் அந்தத் தெருவே கெட்டுப்போனதுபோல் அந்தக் கணம் நினைத்தாள். அதை எந்த மொழியில் சொல்வது? அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"அழாதை. வெண்டிக்காய் விலைக்கு அழுகிறாய் எண்டு கடைக்காரன் நினைக்கப்போறான்," என்றாள் மாமி.

வெளியே வந்து ஆற்றுப் பாலம் வரை நடந்தார்கள். நவம்பர் வெளிச்சம் மூன்று மணிக்கே மங்கிக்கொண்டிருந்தது. மாமி மரக்கறிப் பைகளைக் காலடியில் வைத்துவிட்டு பாலத்துக் கம்பியில் சாய்ந்தாள்.

"அந்த மொறொக்கோக்காரி கோப்பியும் போட்டு வைச்சிருந்தவள்," என்றாள். "எங்கை மருமகள் எண்டு கேட்டாள். அது வேறை ஆரோ பிள்ளை, நான் மாறிப் பாத்திட்டன் எண்டு சொன்னன். பிறகு ரெண்டு கோப்பியையும் நாங்களே குடிச்சம்."

சாருகா கீழே தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். மன்னிப்பு என்ற சொல் அவளிடம் இருந்தது. எம்மா இரண்டு தடவை கேட்ட அந்தச் சொல்லை இப்போது வாயில் எடுக்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள். மாமி அது காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"அந்த மணிக்கூட்டுக் கோபுரத்திலை மேலை ஏறலாமோ?" என்று கேட்டாள்.

"ஏறலாம் மாமி. உள்ளை சின்ன மியூசியம் இருக்கு. நீங்கள் ஏறேல்லையோ?"

"நானோ? பஸ் மதிலுக்கு வெளியிலை விடும். குப்பை எடுக்கிற கதவாலை உள்ளை போறது, அதாலையே வாறது. முன்பக்கத் தெருவாலை போனா முதலாளி பேசுவார், வேலை உடுப்போடை நிக்கிறாய் எண்டு. லீவு நாளிலை ஆர் வேலை செய்யிற ஊருக்குப் போகினம்? மேலை இருந்து என்ன தெரியுது?"

அன்று காலை ஏறிப் பார்த்ததைச் சாருகா சொன்னாள். கூரைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருப்பதைச் சொன்னாள். மதிலைத் தாண்டியதும் திராட்சைக் கொடி வரிசைகள் மலை அடிவாரம் வரை ஏறிப் போவதையும், அறுவடைக்காரர்களின் தலைகள் மட்டும் அதில் அசைவதையும் சொன்னாள். ஒரு கிணற்றடி, ஒரு பழைய சிறை, கதவு நிலையில் வெட்டிய திராட்சைக் குலை. மாமி தான் வேலை செய்யும் ஊரைப் பற்றிக் கேட்பவளைப்போல அல்லாமல், தூரத்து நாடொன்றைப் பற்றிக் கேட்பவளைப்போல வாயைச் சற்றுத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்லச் சாருகாவுக்குத் தன் குரலே வெட்கமாக இருந்தது.

"மே மாதம் ஹோட்டலிலை சனம் குறைவு," என்றாள் மாமி கடைசியில். "கொப்பரிட்டைச் சொல்லிப்போட்டு வா. எம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, நான் ஆரெண்டு அவளுக்கும் சொல்லு. நான் லீவு போட்டு, நல்ல சீலை ஒண்டு கட்டிக்கொண்டு வாறன். என்னை அந்த முன்பக்கத் தெருவாலை நடத்திக் கூட்டிக்கொண்டு போய் அந்த மேசையிலை இருத்து. எனக்கு வைன் வேண்டாம், சும்மா இருந்தாக் காணும். அந்த மொறொக்கோக்காரி மேலை நிண்டு பெட்சீற் உதறுவாள், எங்களைக் காணுவாள். அப்ப நீ நிமிந்து பாத்து, அவளுக்கு ஒருக்காக் கையைக் காட்டுவியோ, பிள்ளை?"