பதினொரு எழுத்துக்குள் ஒரு பெயர்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு கேள்வியாகத்தான் கிடைத்தது. கேட்டது மனிதர் அல்ல, ஒரு கொம்பியூட்டர். கேட்கப்பட்டவன் என் தம்பி மார்க்கண்டு. இடம் கோப்பாயில் அவனுடைய வீடு. காலம் தொண்ணூற்றைந்தின் தொடக்கம்; சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் வானத்தில் சத்தமில்லாதிருந்த மாதங்கள்.

குடும்ப விஷயத்தை அச்சில் ஏற்றும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆகவே இதில் ஒரு பெயர் மட்டும் வராது. வரவேண்டிய இடத்தில் கோடு இருக்கும். வாசகர் அந்தக் கோட்டை மதித்து நடக்கவேண்டும்.

2.

முதல் தொடக்கம்: "மார்க்கண்டுவின் ஒரே மகள் ———, கொம்பியூட்டர் படிக்கப் பட்டினத்துக்குப் பஸ்ஸில் போய்வந்த நாட்களில்..."

[விட்டுவிட்டேன். இப்படித் தொடங்கினால் காதல் கதையாகிவிடும். அதை இவ்வளவில் முடிக்கலாம்: படிப்பித்தவன் கனிசியஸ், குருநகரில் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பம், நாங்கள் சைவம், தோட்டம், காணி, அவள் அவனோடு போனாள்.]

இரண்டாவது தொடக்கம்: "ஷெல் வந்து விழுந்தபோது அவள்..."

[இதையும் விட்டுவிட்டேன். விழுந்தது. அவள் இல்லை. அதற்கு மேல் ஒரு சொல்லும் என்னால் கூட்ட முடியாது.]

3.

அவள் வீட்டைவிட்டுப் போன அன்று மார்க்கண்டு சொன்னான்: "இந்த வீட்டிலை இனி அந்தப் பேரை ஆரும் எடுக்கக்கூடாது."

அவன் மனைவி நல்லம்மா எடுக்கவில்லை. மூத்தவன் என்ற முறையில் நானும் எடுக்கவில்லை. எடுத்தது அவள் விட்டுப்போன கொம்பியூட்டர் ஒன்றுதான்.

அதில் மார்க்கண்டுவுக்குத் தெரிந்தது மூன்றே எழுத்து: டி, ஐ, ஆர். முன்பு அவள் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தது. அதை அடித்தால் உள்ளே இருப்பவற்றின் வரிசை வரும். அதன் தலைமாட்டில், இந்த ஹாட்டிஸ்க்கின் பெயர் இன்னது என்று ஒரு வரி நிற்கும். அவள் தன் பெயரையே அதற்கு வைத்திருந்தாள். தோட்டத்துக்கு இறைக்க வைத்திருந்த மண்ணெண்ணெயை ஜெனரேற்றருக்கு ஊற்றி, மார்க்கண்டு அந்த வரியைப் பார்ப்பான். பிறகு அணைப்பான். ஏனென்று கேட்டால், "மெசின் சும்மா கிடந்தாப் பழுதாப் போகும்" என்பான்.

(அடிக்குறிப்பாக வாசிக்கவும்: குருநகர்ச் சேமக்காலையில் அவள் கல்லறைக் கல்லில், ஞானஸ்நானத்தில் வைத்த மக்டலீன் என்ற பெயர்தான் வெட்டியிருக்கிறது. மார்க்கண்டு ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அங்கை வேறை ஆரோ கிடக்கினம்" என்று நல்லம்மாவிடம் சொன்னானாம். அவளுடைய சான்றிதழ்கள் அவளிருந்த வீட்டோடு எரிந்துபோயின. தகப்பன் வைத்த பெயர் கண்ணுக்குத் தெரியும்படி மிஞ்சியிருந்தது அந்த ஹாட்டிஸ்க்கில்தான்.)

மாரிகாலத்தில் ஒருநாள் அது கடகடவென்று சத்தமிட்டு நின்றுபோயிற்று.

4.

இதைச் சரிசெய்யத் தெரிந்தவர்களில் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். கனிசியஸ் இருந்தான். நல்லம்மா சொல்லியனுப்பினாள். அவன் புது ஹாட்டிஸ்க் ஒன்றைப் பொலித்தீனில் சுற்றிக் கிளாலிக் கடலால் படகில் கொண்டுவந்து, ஒரு பின்னேரம் கோப்பாயில் வந்து இறங்கினான்.

[இங்கே அவன் எப்படி இருந்தான் என்று எழுதவேண்டும். மெலிந்திருந்தான் என்று எழுதி, வெட்டினேன். என் அனுதாபத்தில் எவ்வளவை அவனுக்குக் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.]

மார்க்கண்டு அவனோடு நேரே கதைக்கவில்லை. நல்லம்மாவைப் பார்த்துச் சொன்னான்: "உவர் வலை பொத்துற கையாலை பெட்டியைத் திறக்கிறார். திருப்பிப் பூட்டத் தெரியுமோ எண்டு கேள்."

"வலை இதைவிடச் சிக்கல், ஐயா," என்றான் கனிசியஸ். "இதிலை நாலு ஆணிதான்."

பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினான். ஜெனரேற்றர் உறுமியது. பிளொப்பி ஒன்றைச் செருகினான்.

"பழசிலை கிடந்ததெல்லாம் இதுக்கு வந்திடுமோ எண்டு கேள்."

"சிஸ்டம் வரும், ஐயா. கொம்பியூட்டர் எழும்பி நடக்கும். அவ வைச்சிருந்தது ஒண்டும் வராது."

மார்க்கண்டு அப்போதுதான் அவனை நேரே பார்த்தான். "ஒண்டுமோ?"

"ஒண்டும்."

இறைப்பு மெசினுக்குப் புதுப் பிஸ்டன் போட்டாலும் ஓடுவது பழைய மெசின்தானே. இதையும் அப்படித்தான் நினைத்திருந்தான் என் தம்பி.

திரையில் எண்கள் நூறுவரை ஏறின. பிறகு ஒரு கேள்வி வந்து நின்றது.

"என்னவாம்?" என்றாள் நல்லம்மா.

"ஹாட்டிஸ்குக்கு என்ன பேர் எண்டு கேக்குது, மாமி. பதினொரு இங்கிலீஸ் எழுத்துக்கு மேலை போகக்கூடாது. பேர் வேண்டாமெண்டா என்ரரைத் தட்டட்டாம்."

(ஐயா என்றவன் இவளை மாமி என்றான். ஒருவரும் திருத்தவில்லை.)

"இந்த வீட்டிலை அதைக் கேக்க இதுக்காவது துணிவிருக்கு," என்றாள் நல்லம்மா.

கனிசியஸ் விசைகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "நான் கூப்பிட்ட பேர் வேறை, ஐயா. இது நீங்கள் வைச்ச பேர் இருந்த இடம். நான் போடுறது முறையில்லை. நீங்கள் சொல்லுங்கோ, அடிக்கிறன்."

5.

முடிவு, அ: மார்க்கண்டு பெயரைச் சொல்கிறான். கனிசியஸ் அடிக்கிறான்.

[அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் தம்பியை எனக்குத் தெரியும்.]

முடிவு, ஆ: மார்க்கண்டு எழுந்துவந்து தன் விரலாலேயே என்ரரைத் தட்டுகிறான். ஹாட்டிஸ்க் பெயரில்லாமல் ஓடத் தொடங்குகிறது.

[நம்ப முடிகிறது. எழுதக் கை வரவில்லை.]

முடிவு, இ: மண்ணெண்ணெய் தீர்ந்து ஜெனரேற்றர்...

[இது எழுதுகிறவனின் தந்திரம். இந்த வயதில் எனக்கு அது வேண்டாம்.]

நடந்தது எதுவென்று எனக்குத் தெரியாது. நல்லம்மா அந்தக் கேள்விவரை சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டாள். அந்த வருடக் கடைசியில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது கொம்பியூட்டர் வீட்டிலேயே கிடந்தது. மார்க்கண்டு தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கண்ணை மூடினான். தலைமாட்டில் இருந்தும் நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது எங்கள் வழக்கமில்லை.

ஆகவே முடிவை வாசகரிடம் ஒப்படைக்கிறேன். திரையில் கேள்வி நிற்கிறது. கனிசியஸின் கை மடியில் இருக்கிறது. மார்க்கண்டு வாய் திறக்கவில்லை. பெயரை அடியுங்கள், அல்லது என்ரரைத் தட்டுங்கள்.

பெயர் தெரியாதே என்பீர்கள். நியாயம். தெரியாத பெயரை அடிக்கவும் முடியாது, வேண்டாமென்று தள்ளவும் முடியாது. கோடு போட்டபடி இதைக் கையளிக்க இயலாது என்பதை இந்த இடத்துக்கு வந்தபிறகுதான் கண்டேன்.

இங்கிலீசில் எழுதினால் சரியாகப் பதினொரு எழுத்து. மிச்சமில்லை.

செல்வநாயகி.

மார்க்கண்டு மகள் செல்வநாயகி.