ஆறுமுகத்தாய் பேரில் வந்த மெஷின்

புருஷன் குருநாதனின் நெஞ்சிலிருந்து சரிந்த மாலையை ஆறுமுகத்தாய் எடுத்துச் சரியாக வைத்துக்கொண்டிருந்தபோது தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. அவள் கை தன்னாலே அவன் தோளைத் தொட்டது. “லாரி வந்தா என்னைய எழுப்புட்டி” என்று சொல்லிவிட்டுத்தானே நேற்றுப் படுத்தான்! விடியும்போது உடம்பு சில்லிட்டிருந்தது.

இருபது வருசம் அடுத்தவன் மில்லில் மிளகாய் வத்தல் அரைத்த மனுஷன், சொந்த மெஷின் வருகிற அன்றைக்குப் பார்த்தா போய்ச்சேர வேண்டும்? அரசு மானியத்துக்கு அவன் போட்ட மனு இரண்டு தடவை திரும்பி வந்தது. பெண்கள் பேரில் போட்டால் மானியம் கூடுதல் என்று யாரோ சொல்ல, மூன்றாம் தடவை அவள் பேரில் போட்டான். கையெழுத்து போட்டதோடு அவள் சோலி முடிந்தது என்றுதான் நினைத்திருந்தாள்.

பந்தலில் நடப்பதெல்லாம் வேறு யார் வீட்டிலோ நடப்பது போலிருந்தது. சங்குச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. கொடியில் கிடந்த அவன் சட்டையின் வத்தல் நெடி மட்டும் பக்கத்தில் இருந்தது.

“இங்க ஆறுமுகத்தாய்ங்கிறது யாருங்க? அவங்க கையெழுத்துப் போடோணுங்க” என்றான் கோயம்புத்தூர் டிரைவர்.

குருநாதனின் அண்ணன் மூக்காண்டி எழுந்து போனார். “கேத வீட்டுல மெஷின எறக்குவாங்களாவே? திருப்பிக் கொண்டு போயிரும்.”

“நாளைக்குக் கடைசித் தேதிங்கண்ணா. திரும்பிப் போச்சுன்னா மானியமும் போயிருங்க.”

“தம்பியே போயிட்டான். இனி மில்ல யாரு ஓட்டுவா?”

ஆறுமுகத்தாய் எழுந்தாள்.

“நான் ஓட்டுதேன் அத்தான். எறக்கச் சொல்லுங்க.”

ஒப்பாரி நின்றுபோனது. மூக்காண்டி அவளையே பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இறக்குவதற்கு அவரே போய் ஒரு கை பிடித்தார்.

வீட்டை ஒட்டிய கொட்டகையில் மெஷின் உட்கார்ந்ததும் டிரைவர் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனை எடுத்தான். “ஆபீசுக்குப் போட்டோ அனுப்போணுங்கக்கா. ஓனர் மெஷின் பக்கத்துல நில்லுங்க.”

ஓனர் என்றதும் அவள் குருநாதனைத் தேடித் திரும்பினாள். திரும்பிய பிறகுதான் நினைவு வந்தது.

அடுத்தவன் மில்லாக இருந்தாலும், பொட்டு வைக்காமல் மெஷினைத் தொட மாட்டான் குருநாதன். கேத வீட்டில் சாமி தட்டை யார் எடுத்துத் தருவார்கள்? நேற்றுக் கோயிலில் வைத்த குங்குமம் அவள் நெற்றியில் இருந்தது. மோதிர விரலால் அழுத்தித் துடைத்து எடுத்தாள். மெஷினின் புதுப் பச்சை பெயிண்டில் வைத்தாள். மிச்சத்தையும் துடைத்து அதன்மேலேயே வைத்தாள்.

“நடுவுல வாங்கக்கா” என்றான் டிரைவர். அவள் இன்னொரு ஆள் நிற்க இடம் விட்டு நின்றாள்.

சாயங்காலம், தூக்குவதற்கு முன், பொட்டழிக்க வந்த பெண்கள் அவள் முகத்தை நிமிர்த்தினார்கள். நெற்றியில் அழிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கொட்டகையில் மஞ்சள் வெயில் மெஷின்மேல் விழுந்துகொண்டிருந்தது.